அக்னஸ் டீச்சரின் புன்னகை காணப்பட்ட படலம்

வாழ்க வைத்தி. முப்பத்தாறு ஆண்டுகள் மத்திய அரசின் கோப்புக் காட்டில் தனிவழி நடந்தவரும், பதினொரு இணைச் செயலர்களின் சீற்றத்தைக் கோப்பு நாடாவின் முடிச்சு ஒன்றும் தளராமல் எதிர்கொண்டவரும், நீலமைப் பேனாவைச் சட்டைப்பையில் வாளெனத் தரித்தவரும், ஒருமுறை எழுதியதை மறுமுறை திருத்தியறியாதவரும், கும்பகோணத்தில் பிறந்து லக்ஷ்மிபாய் நகர்க் குடியிருப்பில் நரைத்து இன்று மயூர் விஹாரில் ஓய்வூதியம் பெறுபவருமான வைத்தியநாதன் என்னும் அறுபத்துமூன்று வயதுப் பெருந்தகை வாழ்க. அவர் கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்ச் வாழ்க. அவர் மடியில் கிடக்கும் அட்டையும் அதைக் கவ்விய கிளிப்பும் நீடூழி வாழ்க.

இப்பெருங்கதை இடையூறின்றி நடந்தேற, நான்முகனைப்போல் நான்கு தலை கொண்ட அளவுகோலை முதற்கண் வணங்குகிறோம். 'ஒருபோதும் இல்லை' என்னும் முதல் தலையே, 'அரிதாக' என்னும் இரண்டாம் தலையே, 'அவ்வப்போது' என்னும் மூன்றாம் தலையே, 'அடிக்கடி' என்னும் நான்காம் தலையே, பள்ளிக்கூடத்தில் நிகழும் எதையும் உங்கள் நால்வரில் ஒருவர் வாயில் இட்டு மென்றுவிடலாம் என்று அறிஞர் கண்டனர். எங்கள் கதையை மட்டும் மெல்லாது விடுக.

தலைநகரில் இயங்கும் ஆய்வு நிறுவனம் ஒன்று, பள்ளிகளில் கற்பித்தல் எவ்வளவு தரமாக நடக்கிறது, அதனால் குழந்தைக்கு விளையும் பயன் எவ்வளவு என்பதை அளந்து உலகுக்குச் சொல்லத் திருவுளம் கொண்டது. அதன்பொருட்டு இருபத்திரண்டு கூற்றுகள் கொண்ட கவனிப்புப் படிவம் ஒன்று ஆங்கிலத்தில் பிறந்து, இந்தியில் வளர்ந்து, தமிழ் சொல்லித்தரும் பள்ளிகளுக்காகத் தமிழில் வந்து சேர்ந்தது. ஆய்வாளர்கள் இருவர் இருவராக வகுப்பின் கடைசி பெஞ்சில் அமர்ந்து, ஒரே பாடத்தை ஒரே நேரத்தில் பார்த்து, ஒருவர் எழுதுவதை மற்றவர் காணாமல், கூற்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் நான்கு வரை எண் இட வேண்டும். இருவர் எண்ணும் ஒன்றானால் மகிழ்ச்சி. ஒரு படி வேறுபட்டால் மன்னிப்பு உண்டு. இரண்டு படி வேறுபட்டால் அவ்விருவர் கண்களையும் நம்புவதற்கில்லை என்று முடிவு கட்டி, ஜோடியையே ஆய்விலிருந்து விலக்கிவிடுவார்கள்.

வைத்திக்கு இணையாக வாய்த்தவள் மேதா. இருபத்தேழு வயது, ஆர்.கே.புரத்தில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள், மூன்று வரிக்கு மேல் போனால் தலை வலிக்கிறது என்பாள். முனைவர் பட்டத்தின் நான்காம் ஆண்டில் நின்றிருந்த அவளுக்கு இந்த ஆய்வின் தரவுதான் கோட்டை, கொத்தளம், கொடி, முரசு எல்லாம். பத்து ஒத்திகைப் பாடங்களில் ஒன்பதில் இருவரும் ஒத்துப்போயிருந்தார்கள். பத்தாவதும் ஒத்துவந்து, அந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் படிவங்கள் இரண்டும் இணையத்தில் ஏறிவிட்டால் நாற்பது பள்ளிகளின் கதவு அவளுக்குத் திறக்கும். ஏறாவிட்டால் வேறொரு ஜோடிக்குத் திறக்கும். மார்ச்சில் அவளுடைய உதவித்தொகை முடிகிறது. ஒரு வருஷம் வீணாகும்.

தில்லியின்மேல் புகை பாசறை இறக்கியிருந்த நவம்பர் மாதம் அது. வானம் என்று ஒன்று இருந்ததற்குச் சான்றில்லை. சூரியன் தேய்க்காத பித்தளைத் தாம்பாளம்போல் பதினோரு மணிக்கு மெல்ல எட்டிப் பார்த்தது. லோதி ரோட்டை ஒட்டிய ஒரு பள்ளியின் நான்காம் வகுப்பில், அந்தப் பத்தாம் பாடத்தை நடத்த, முப்பத்தோரு குழந்தைகளின் முன்னால், மூக்கையும் வாயையும் மோவாயையும் ஒருசேர மறைத்த வெள்ளை மாஸ்க் அணிந்து நின்றார் அக்னஸ் டீச்சர். நாகர்கோவில்காரர், பதினாறு ஆண்டுகளாகத் தில்லிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருபவர், புகைக் காலத்தில் இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குபவர். அவர் கரும்பலகையில் ஒரு வரி எழுதினார். 'மழை வந்தால் கதவைத் தாழ்ப்பாள் போடு.'

கடைசி பெஞ்சில், எட்டு வயதுக்காரர்களுக்கென்று அளவெடுத்துச் செய்த அந்தப் பலகையில், முழங்கால் இரண்டும் மார்பைத் தொட, தேர்த்தட்டில் அமர்ந்தவர்போல் அமர்ந்தார் வைத்தி. ஆய்வுக் கையேட்டின் ஆணை இதுதான்: பத்து நிமிடம் பார்க்கவும், ஐந்து நிமிடம் எழுதவும், எழுதும்போது நிமிர்ந்து பார்க்கலாகாது, பார்த்தால் கண்ட காட்சியும் காணும் காட்சியும் கலந்துவிடும். அவர் பத்து நிமிடம் பார்த்தார். டீச்சர் கேட்ட கேள்விகள் ஆறு. பேர் சொல்லி அழைத்தது நான்கு முறை. கரும்பலகை சுத்தம். குரல் பின்வரிசைக்கு எட்டுகிறது. பருந்து எலியைக் குறிப்பதுபோல் ஒன்றையும் விடாமல் குறித்தார். ஸ்டாப்வாட்ச் மெல்ல அதிர்ந்தது. பத்தாம் நிமிடம். வைத்தி தலை குனிந்தார்.

அந்தக் குனிவில் தொடங்கியது அன்றைய முதல் போர். அது அவருக்கும் அவருடைய கழுத்துக்கும் நடந்தது.

முதலில் மரநாற்காலி தரையில் உராயும் ஓசை. பிறகு டீச்சரின் குரல், மாஸ்க்கின் மந்தம் நீங்கித் தெளிவாக: "நாக்க மடக்குங்க. இன்னும் உள்ள. என் வாயப் பாருங்க." உடனே முப்பத்தோரு நாக்குகள் ஒருங்கே எழுந்து, தில்லியில் பிறந்த பிள்ளைகளுக்கு எளிதில் வசப்படாத ழகரத்தின்மீது படையெடுத்தன. மளை என்றது ஒரு படை. மயை என்றது மறு படை. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். அதன்பின் திடீரென்று, புயல் ஓய்ந்த கடல்போல, வகுப்பில் ஓர் அமைதி. நிமிர், நிமிர் என்று கழுத்து முறையிட்டது. வைத்தியின் பேனா படிவத்தின்மேல் நின்றது. காது மடல் சூடேறியது. அமைதியின் நடுவிலிருந்து இதுவரை அவர் கேட்டிராத மெல்லிய பெண்குழந்தையின் குரல் ஒன்று, கல்லைத் தாண்டும் ஓடைநீர்போல் எழுத்தெழுத்தாக வந்தது. மழை. வந்தால். கதவைத். தாழ்ப்பாள். போடு. வகுப்பே கைதட்டியது.

நிமிரவில்லை வைத்தி. யானை மிதித்தாலும் அசையாத தூண்போல் கழுத்தை நிறுத்தி, கூற்று ஏழுக்கு எதிரே மூன்று என்று எழுதினார். பதினைந்தாம் நிமிடம் முடிந்து அவர் தலை தூக்கியபோது டீச்சரின் மாஸ்க் மூக்கின்மேல் ஏறியிருந்தது. எல்லாக் குழந்தைகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

மதியம் ஒன்றரை மணிக்குப் பள்ளி அவர்களுக்கு ஒதுக்கியிருந்த விளையாட்டுச் சாமான் அறையில், காற்று இறங்கிய வாலிபால்களுக்கும் கால் ஒடிந்த கேரம்போர்டுக்கும் நடுவே, இரு தரப்பும் படிவங்களை மாற்றிக்கொண்டன. இருபத்தொரு கூற்றுகளில் இருவரும் ஒத்திருந்தார்கள். ஒத்துவராத பதினான்காம் கூற்று இப்படி இருந்தது: 'ஆசிரியரின் முகத்தில் புன்னகை காணப்படுகிறது.'

"ஒண்ணா?" என்றாள் மேதா.

"மூணா?" என்றார் வைத்தி.

அறையில் கொசு ஒன்று பறந்தது. அதுவும் சுவரில் போய் உட்கார்ந்துகொண்டது.

"டீச்சர் சிரிச்சாங்க அங்கிள்."

"மூஞ்சியில முக்கால்வாசி மாஸ்க். நீ எப்படிப் பாத்தே?"

"கண்ணு அப்பப்போ சிரிச்சுது. மாஸ்க்குக்கு மேல தெரிஞ்சுது இல்ல?"

"முகத்தில்னு போட்டிருக்கான். கண்ணில்னு போடலை."

"கண்ணு முகத்துலதானே இருக்கு?"

இந்த அம்பு நம் வீரரின் கவசத்தில் சற்று ஆழமாகவே தைத்தது. ஆயினும் அவர் பின்வாங்கினாரில்லை. அறுபத்துநான்கு பக்கக் கையேட்டை உறையிலிருந்து உருவினார். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். டீச்சர் முதுகு காட்டி நின்றால் என்ன செய்வது என்று அதில் இருந்தது. மின்சாரம் போனால், குரங்கு வந்தால், கல்வி அதிகாரி வந்தால் என்ன செய்வது என்றும் இருந்தது. மாஸ்க் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் மட்டும் கல்வெட்டுப்போல் ஒரு வரி கிடைத்தது. அவர் எழுந்து நின்று அதை வாசித்தார்.

"புன்னகை என்பது, உதடுகளின் இரு முனைகளும் மேல்நோக்கி வளைதல்."

"சரி, ஓகே. வளைஞ்சுது."

"எந்த நிமிஷம்?"

மேதா கேரம்போர்டின் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். முப்பத்தாறு ஆண்டுகள் பிறர் எழுதிய குறிப்புகளில் ஓட்டை தேடிய வைத்தி, அந்த மௌனத்தின் நாற்றிசையும் முற்றுகையிட்டார்.

"முதல் பத்து நிமிஷத்துலயா?"

"இல்ல."

"பதினஞ்சுக்கு அப்புறமா?"

"இல்ல அங்கிள். பன்னண்டாவது நிமிஷம். ழ சொல்லித் தர மாஸ்க்கைக் கீழ இழுத்தாங்க. அந்தப் பொண்ணு படிச்சா. அப்போ சிரிச்சாங்க. நான் பாத்தேன்."

"பன்னண்டாவது நிமிஷம் எழுதற நேரம்."

"மாலூம் ஹை."

"நிமிரப்படாது."

"தெரியும்னு சொல்றேனே. நிமிந்துட்டேன். க்ளாஸே சைலண்ட் ஆச்சு, என்னால தலையைக் கீழ வெச்சுட்டு இருக்க முடியலை."

வைத்திக்கும் முடியாமல்தான் இருந்தது. ஆனால் அதை அவர் சொல்லவில்லை. கோட்டை மதிலின் உள்ளிருக்கும் விரிசலை எந்தத் தளபதி எதிரிக்குச் சொல்வான்? கையேட்டின் ஆணையை மீறிப் பெற்ற சாட்சி செல்லாது என்று தீர்ப்புரைத்து, தம் ஒன்றின்மேல் கைவைத்து அமர்ந்தார்.

இரண்டே கால் மணிக்கு மேதா, ஆய்வின் தலைவரும் புள்ளியியற் கடலைக் குடித்தவருமான பேராசிரியர் சங்கரநாராயணனைத் தொலைபேசியில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். அவர் ஏதோ விமான நிலையத்தில் இருந்தார்.

"ரெண்டு பேரும் உக்காந்து டிஸ்கஸ் பண்ணுங்க," என்றது அசரீரி. "ஆனா ஒருத்தரை ஒருத்தர் இன்ஃப்ளுயன்ஸ் பண்ணக் கூடாது. அது ரொம்ப முக்கியம்."

"அப்போ என்ன டிஸ்கஸ் பண்றது சார்?" என்று கேட்டாள் மேதா.

"அதான் மெத்தட் செக்ஷன்ல எழுதியிருக்கேனே," என்றார் அவர். போர்டிங்குக்கு அழைத்துவிட்டார்கள்.

அதன்பின் நடந்த இரண்டு மணி நேரத்தைப் போர் என்பதா, முற்றுகை என்பதா? அவள் ஒரு மூலையில், இவர் ஒரு மூலையில். அவளுக்கும் ஒரு நேர்மை இருந்தது. மூன்றை இரண்டாக்கினால் ஒரு படிதான் வித்தியாசம், எல்லாம் தீர்ந்துவிடும்; அவளுக்கும் தெரியும். ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுத அவள் கை வரவில்லை. அவருக்கும் தெரியும், ஒன்றை இரண்டாக்கினால் போதும் என்று. பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுத அவர் கை வரவில்லை.

அந்தக் கையின் வரலாறு மேதாவுக்குத் தெரியாது. இருபது ஆண்டுகளுக்கு முன், மேலதிகாரி ஒருவர் வைத்தியைத் தம் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்தி, ஒரு கோப்பில் அவர் எழுதிய குறிப்பில் ஒரே ஒரு எண்ணை மாற்றச் சொன்னார். பெரிய எண்ணும் இல்லை. தேதியில் ஏழு என்பது ஒன்பதாக வேண்டும், அவ்வளவே. ஏழின் தலையை வளைத்து மூடினால் ஒன்பதாகிவிடும் என்று அவரே காகிதத்தில் போட்டும் காட்டினார். வைத்தி மாற்றவில்லை. பிரமோஷன் நான்கு ஆண்டு தள்ளிப்போனது. தமக்குப் பின்னால் வந்தவர்களை சார் என்று அழைத்து, அவர்கள் அறைக்குத் தாமே கோப்பைச் சுமந்து சென்ற அந்த நான்கு ஆண்டுகளில் அவருக்குத் துணையிருந்தது, எழுதியதைத் திருத்தாதவன் என்ற ஒற்றை எண்ணம்தான். இன்று ஒரு புன்னகைக்காக அதை விட்டுவிடுவதா?

நாலே காலுக்கு மேதா மெதுவாகச் சொன்னாள்: "அங்கிள், என் வருஷம் போயிடும்."

அவள் கெஞ்சவில்லை, மணி என்ன என்று சொல்வதுபோல் சொன்னாள். வைத்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லாதபோதும் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"வா. டீச்சரையே கேட்டுடலாம்."

ஆசிரியர் அறையில் அக்னஸ் மட்டும் இருந்தார். மாஸ்க் கழுத்தில் தொங்க, நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். அரசவைக்குத் தூது வந்த இரு நாட்டுப் பிரதிநிதிகளைப்போல் இருவரும் வாசலில் நின்றார்கள்.

"உள்ள வாங்க சார். இருங்க," என்றார் டீச்சர்.

வைத்தி உட்கார்ந்தார். எத்தனையோ அமைச்சரவைக் குறிப்புகளுக்கு வாசகம் அமைத்த அந்த நா, இந்தக் கேள்விக்கு வாசகம் அகப்படாமல் சிறிது தடுமாறியது.

"டீச்சர், ஒரு விஷயம் தெரியணும். காலம்பர க்ளாஸ்ல நீங்க சிரிச்சேளா?"

"சிரிச்சனா? எப்பம்?"

"அந்தப் பொண்ணு படிச்சப்போ," என்றாள் மேதா.

"ரெபேக்காவா?" சிவப்புப் பேனாவை மூடி வைத்தார் அக்னஸ். "அந்தப் பிள்ள ஜூன்ல இருந்து வாய் தொறக்கல சார். மதராசி கேம்ப் குடிசையள, இவுங்க வீட்டயும் சேத்து, அரசாங்கம் இடிச்ச பொறவு. இப்பம் ஊருக்கு வெளிய நரேலாவுல இருந்து ரெண்டு பஸ் மாறி வாறா. பேரு கூப்பிட்டா எழும்பி நிப்பா, அவ்வளவுதான். இன்னைக்கு தானா எழும்பி முழு வரியும் வாசிச்சா. அதும் ழகரமும் ளகரமும் தப்பாம. நான் சிரிச்சனா அழுதனான்னு கண்ணாடியப் பாத்துட்டா நின்னேன்? பிள்ளையளக் கேளுங்க. அதுகதான் என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்துச்சு."

மேதா தன் படிவத்தைப் பார்த்தாள், வைத்தி தம் படிவத்தைப் பார்த்தார்.

"எதுக்கு சார் கேக்கிய? எனக்கு மார்க்கு போடவா?"

"உங்க பேர் வராது டீச்சர். ஏழாம் எண் ஆசிரியர்னு மட்டும்தான் வரும்."

"அப்பம் எப்படி வேணாலும் போட்டுக்கிடுங்க." அடுத்த நோட்டை இழுத்தவர், ஏதோ நினைத்து நிமிர்ந்தார். "ரெபேக்கா வாசிச்சது அந்த பேப்பர்ல வருமா?"

வைத்தி படிவத்தைப் புரட்டினார். பதில் தெரிந்திருந்தும் முதலிலிருந்து படித்தார். கரும்பலகை தூய்மை. குரலின் தெளிவு. இருக்கை ஒழுங்கு. கேள்விகளின் எண்ணிக்கை. நேரப் பங்கீடு. இருபத்திரண்டு கூற்றுகளும் கவசம் பூண்ட காவலர்களாய் வரிசையில் நின்றன. அவற்றின் இடையே ஒரு குழந்தை நுழைந்து வரும் அளவுக்கு இடைவெளி எங்கும் இல்லை.

"வராது டீச்சர்," என்றார்.

"சரி," என்று சொல்லிவிட்டு அக்னஸ் நோட்டைத் திருத்தத் தொடங்கினார்.

தாழ்வாரத்தில் மேதா பையைத் திறந்து ரப்பரை எடுத்தாள். அவள் படிவத்தைப் பென்சிலால் நிரப்பியிருந்தாள். "நானே ரெண்டாக்கிடறேன் அங்கிள். போதும், முடிஞ்சுது," என்றாள். ரப்பர் மூன்றின்மேல் இறங்கும் தறுவாயில் வைத்தியின் கை அதைத் தடுத்தது.

"நீ பாத்தியா, இல்லையா?"

"பாத்தேன்."

"அப்போ மூணு மூணாவே இருக்கட்டும்."

"அப்போ என்ன பண்றது? மணி நாலரை."

வைத்தி சுவரோரம் நின்றார். புகை படிந்த வெளிச்சத்தில் படிவத்தைக் கண்ணருகே பிடித்தார். 'ஆசிரியரின் முகத்தில் புன்னகை காணப்படுகிறது.' இன்னொரு முறை படித்தார். பாலைவனத்தில் படை நடத்திச் சென்றவன் மணலுக்கடியில் நீரோட்டத்தின் குளிர்ச்சியை உள்ளங்காலால் உணர்வதுபோல, அந்த வினைமுற்றின் அடியில் அவருக்கு ஏதோ தட்டுப்பட்டது. அவர் நெற்றி விரிந்தது.

"காணப்படுகிறது," என்றார். "யாரால?"

"க்யா?"

"யாரால காணப்படுகிறதுன்னு போடலை மேதா. முப்பத்தாறு வருஷம் நான் இதைத்தானே எழுதிண்டிருந்தேன். பரிசீலிக்கப்பட்டது, ஆணையிடப்பட்டது, நிராகரிக்கப்பட்டது. யார் பண்ணினான்னு ஒரு இடத்துல எழுத மாட்டோம். என்னால காணப்படலை, வாஸ்தவம். ஆனா முப்பத்தோரு குழந்தைகளால காணப்பட்டிருக்கு. டீச்சரே சொல்லிட்டா."

மேதா அந்த வரியை எழுத்துக்கூட்டித் தானும் ஒருமுறை படித்தாள். "இது செல்லுமா அங்கிள்? கேப்பாங்க இல்ல?"

"கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். எனக்குத் தெரிஞ்சு ஒரு தடவை. ஒரு தடவைன்னா அரிதாக. ரெண்டு."

திசை யானைகள் செவியாட்டத்தை நிறுத்துக. லோதி ரோட்டின் ஆட்டோக்கள் ஹாரனை அடக்குக. முப்பத்தாறு ஆண்டுகளில் மூன்று ஆட்சிகளாலும் பதினொரு அதிகாரிகளாலும் அசைக்க முடியாத அந்த நீலமைப் பேனா, நான்காம் வகுப்புக் குழந்தை ஒருத்தி படித்த ஒற்றை வரியின் பொருட்டு உறையினின்று வெளிப்பட்டது. தாழ்வாரத்துச் சுவரைக் களமாகவும் கிளிப் அட்டையைக் கேடயமாகவும் கொண்டு, ஒன்று என்னும் எண்ணின் குறுக்கே ஒற்றைக் கோடு கிழித்தார் வைத்தி. பக்கத்தில் இரண்டு என்று எழுதினார். கீழே சுருக்கொப்பம் இட்டார். அதன் கீழ் தேதி இட்டார். பழைய எண் கோட்டுக்கு அடியில் தெளிவாகத் தெரியும்படி விட்டார். திருத்தியவன் ஒளிக்கவில்லை என்பதற்கு அது சாட்சி.

பிறகு விரைவுக் காண்டம். மேதா கைபேசியில் படிவங்களைப் படம் பிடித்தாள். நிழல் விழுந்தது, மீண்டும் பிடித்தாள். நிறுவனத்தின் தளத்தில் வட்டம் ஒன்று சுழன்றது, நின்றது, சுழன்றது. அவள் தாழ்வாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, சிக்னல் கிடைக்கும் இடம் தேடி, கைபேசியைத் தீவட்டிபோல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடினாள். வைத்தி ஸ்டாப்வாட்சைப் பிடித்தபடி பின்னால் ஓடினார். தண்ணீர்க் குழாயின் அருகே நாலு ஐம்பத்தேழுக்குப் பச்சைக் குறி விழுந்தது. ஜோடி ஏற்கப்பட்டது. மேதா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தேங்க்ஸ் அங்கிள்," என்றாள்.

அவர் தலையாட்டினார். அவளுக்கு ஒரு வருஷம் போகவில்லை. அது போதும் என்றுதான் அவருக்கும் இருந்தது.

ஆனால் எந்திரத்தின் வேலை அத்துடன் முடியவில்லை. அவள் மடியில் கிடந்த கைபேசித் திரையில், ஏழாம் எண் ஆசிரியரின் மதிப்பீடு வரிவரியாக விரிந்தது. பதினான்காம் கூற்றில் வைத்தியின் இரண்டையும் மேதாவின் மூன்றையும் கூட்டி, இரண்டால் வகுத்து, அது தன் தீர்ப்பை இந்தியிலும் தமிழிலும் வெளியிட்டிருந்தது. 'புன்னகை: 2.5. மேம்பாடு தேவை.'

மேதா அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "அக்னஸ் டீச்சருக்கு மேம்பாடு தேவையாம்," என்றாள் கடைசியில்.

வைத்தி குனிந்து, கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு, திரையை நிதானமாகப் படித்தார்.

"யாருக்குன்னு போடலியே," என்றார்.

மேதா சிரித்துவிட்டாள். தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்தபடி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடிக்கடி, நான்கு, என்று அளவுகோலின் நான்காம் தலையும் ஒப்புக்கொள்ளும் சிரிப்பு.

அதன்பின் நம் வீரர் களம் நீங்கினார். வெற்றி முரசென ஹாரன்கள் முழங்க, அகிற்புகையெனத் தில்லியின் நச்சுப்புகை அவர் தோளைத் தழுவ, யமுனைப் பாலத்தின்மேல் இருபுறமும் சிவப்பு விளக்கேந்தி வரிசைகட்டி நின்ற பல்லாயிரம் வாகனங்களின் நடுவே, நெரிசல் மிகுந்த பேருந்தாகிய பட்டத்து யானையின்மேல் கம்பியைப் பற்றி நின்று, அமைச்சரவைகளுக்கு அடங்காத தம் பேனா இன்று எதற்கு அடங்கியது என்பதை நெஞ்சுக்குள் மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்து, மழை வந்தால் கதவைத் தாழ்ப்பாள் போடு என்று வாய்க்குள் நாக்கை மடக்கிக்கொண்டு, மயூர் விஹாரின் மூன்றாம் மாடிப் படிகளை மூச்சிரைக்க வென்று ஏறி, தம் இல்லத்தின் அழைப்பு மணியை அழுத்திய அந்த ஒப்பற்ற கணத்தில், கையேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கம் வகுத்த இலக்கணம் ஒரு நூலும் பிசகாமல், உதடுகளின் இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்து, முப்பத்தெட்டு ஆண்டு இல்லறத்தில் அரிதினும் அரிதாகக் காணப்பட்ட ஒன்று அந்தத் திருமுகத்தில் நின்றொளிர, நிமிர்ந்த கழுத்துடன் காத்திருந்தார் வைத்தி.

கதவைத் திறந்த அவர் மனைவி ருக்கு, அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, பல் வலிக்கிறதா என்று கேட்டாள்.